பேட்டரி மூடியின் லாக் ஏன் உடைகிறது, எப்படி வைத்தால் நிற்கும்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். வயலில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றைக் கல்லூரி புராஜெக்டாகச் செய்திருக்கிறீர்கள். உள்ளே இரண்டு ஏஏ பேட்டரி. பெட்டி பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தது. பேட்டரி மூடியின் நான்கு பக்கமும் ஒவ்வொரு கொக்கி. ஒவ்வொன்றும் 6 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமன், நுனியில் 1 மி.மீ. கவ்வும் பல். சில தடவை திறந்து மூடியதுமே கொக்கிகள் அடியோடு முறிந்துவிடுகின்றன. திருகு போட்டால் விவசாயி வயலில் ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டும். செல்போன், லேப்டாப் கம்பெனிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? லாக்கா, திருகா, காந்தமா, பசையா?

உங்கள் கருவிக்கு லாக்தான் சரி. அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் இப்போது உங்கள் கொக்கியிடம் மூன்று வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். மூடியைச் சரியான இடத்தில் நிறுத்துவது, கருவி கீழே விழும்போது வரும் அடியைத் தாங்குவது, திறக்கும்போது வளைந்து கொடுப்பது. முதல் இரண்டுக்கும் பிளாஸ்டிக் விறைப்பாக இருக்க வேண்டும், மூன்றாவதற்கு நெகிழ வேண்டும். ஒரே துண்டு இரண்டையும் செய்ய முயன்றால் முறியத்தான் செய்யும். கதவில் கீல் எடையைத் தாங்குகிறது, தாழ்ப்பாள் திறக்காமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. நன்றாக உழைக்கும் எந்தக் கருவியின் மூடியைப் பிரித்துப் பார்த்தாலும் இந்த வேலைப் பங்கீடு இருக்கும்.

வீட்டில் இருக்கும் டிவி ரிமோட்டை எடுத்து அதன் பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள். நாக்கை அழுத்தித் திறக்கும் வகையாக இருந்தால், ஒரு முனையில் குட்டையான இரண்டு தட்டைப் பற்கள் இருக்கும். அவை வளையவே வளையாது; பெட்டியில் உள்ள இரண்டு துளைகளுக்குள் நுழைந்து நிற்கும், அவ்வளவுதான். எதிர் முனையில் ‘யு’ வடிவத்தில் மடிந்த ஒற்றை நாக்கு, அதன் வெளிப்பக்கம் சின்னதாக ஒரு விளிம்பு. பற்களை முதலில் நுழைத்து, மூடியைச் சாய்த்து அழுத்தினால் நாக்கு உள்ளே மடங்கி, விளிம்பு தன் பள்ளத்தில் விழுந்து ‘டக்’ என்று சத்தம் கேட்கும். மூடியைத் தூக்கப் பார்க்கும் விசையில் பெரும்பங்கை அந்தப் பற்களும் சுற்றியுள்ள விளிம்புச் சுவரும் வாங்கிக்கொள்கின்றன. நாக்கின் பொறுப்பு ஒரே ஒரு திசையை அடைப்பது.

அந்த நாக்கு ஏன் மடிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நேராக வைத்தால் ரிமோட்டின் தடிமனுக்குள் ஆறேழு மி.மீ.தான் நீளம் கிடைக்கும். மடித்தால் அதே இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கிறது. நாக்குக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு சுவரும் இருக்கும். யாராவது பலமாக அழுத்தினாலும் நாக்கு அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் வளையாது. பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு மூடியில் இத்தனை யோசனை இருக்கிறது. இதை வடிவமைத்தவர்களுக்கு உரிய மரியாதையை நாம் கொடுப்பதே இல்லை என்று எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு.

இதே பங்கீடு பெரிய கருவிகளிலும் வரும். 2010-இல் வந்த ஐபோன் 4-இன் பின்பக்கக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சார்ஜிங் துளையின் இருபுறமும் இரண்டே திருகு. அவற்றைக் கழற்றிவிட்டு மூடியை மேல்பக்கமாகச் சில மி.மீ. தள்ளினால் போதும், கையோடு வந்துவிடும். மூடியைப் பிடித்திருந்தது அதன் உட்பக்கம் வரிசையாக இருந்த சின்னக் கொக்கிகள். அவை ஒருபோதும் வளைவதில்லை. தள்ளும்போது சட்டத்தின் அடியில் போய் நுழைந்துகொள்ளும், அவ்வளவே. திருகுகளின் வேலை மூடி திரும்ப நகராமல் பார்த்துக்கொள்வது.

பழைய லேப்டாப்பின் கழற்றக்கூடிய பேட்டரியில் இன்னும் நயமான ஏற்பாடு. அடிப்பக்கத்தில் இரண்டு தள்ளு பொத்தான்கள் இருக்கும். ஒன்றைத் தள்ளிவிட்டால் அங்கேயே நிற்கும். மற்றொன்றில் ஸ்பிரிங், விட்டவுடன் திரும்பிவிடும். முதலாவதைத் திறந்து வைத்து, இரண்டாவதை விரலால் பிடித்துக்கொண்டே பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். இரண்டும் ஸ்பிரிங் வைத்ததாக இருந்தால் இரண்டு கையும் அதற்கே போய்விடும், பேட்டரியை இழுக்க மூன்றாவது கை வேண்டும். இரண்டும் நிற்கும் வகையாக இருந்தால் மறந்துபோய்த் திறந்தே விட்டுவிட்டு, பையிலிருந்து எடுக்கும்போது பேட்டரி காலில் விழும். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று வைத்ததில் இரண்டு தொல்லையும் இல்லை. பேட்டரியின் எடையைத் தாங்குவது இங்கும் ஓரத்திலுள்ள பற்களும் பள்ளங்களும்தான்.

நின்டெண்டோ ஸ்விட்ச் (2017) என்ற கையடக்க வீடியோ கேம் கருவி இதற்கு நல்ல பாடம். அதன் இரண்டு ஜாய்கான்களும், அதாவது கையில் பிடித்து விளையாடும் பொத்தான் பகுதிகளும், திரையின் ஓரத்திலுள்ள உலோகத் தண்டவாளத்தில் மேலிருந்து சறுக்கி இறங்கும். முழு எடையும் தண்டவாளத்தின் மேல். திரும்ப மேலே ஏறாமல் தடுப்பது மட்டும் ஜாய்கானுக்குள் இருக்கும் ஒரு சின்னத் துண்டு. கொள்கை சரியானதுதான். ஆனால் அந்தத் துண்டு பிளாஸ்டிக். உலோகத்தில் உரசி உரசி அதன் விளிம்பு மழுங்கியதும் ஜாய்கான் தானாகக் கழன்று வர ஆரம்பிக்கும். அதற்காகவே உலோகத்தில் செய்த மாற்றுத் துண்டுகள் விற்கிறார்கள். சில திருகுகளைக் கழற்றத் தெரிந்த எவரும் மாற்றிக்கொள்ளலாம். தேயும் பாகம் தனித் துண்டாக இருந்ததால்தான் அது முடிகிறது. பெட்டியோடு சேர்த்து வார்த்திருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல் தண்டவாளத்தை எடுத்துவிட்டுக் காந்தமும், விடுவிக்க ஒரு பொத்தானும் வைத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் கொக்கிக்கு வருவோம். கணக்கு போட்டால் முறிந்ததில் ஆச்சரியமே இல்லை என்று தெரியும்.

ஒரு முனை பிடிக்கப்பட்டு மறு முனை வளையும் நாக்கின் அடிப்பகுதியில் பிளாஸ்டிக் எவ்வளவு நீள்கிறது என்பதைத் திரிபு என்கிறோம். சீரான தடிமனுள்ள நாக்குக்கு அதன் சூத்திரம் எளிது: 1.5 × தடிமன் × நுனி வளையும் அளவு ÷ நீளத்தின் வர்க்கம். உங்கள் எண்களைப் போட்டால் 1.5 × 1.5 × 1 ÷ 36. அதாவது 6 சதவீதத்துக்கும் மேல். பிஎல்ஏ சாதாரணமாகச் சில சதவீதத்திலேயே முறிந்துவிடும் பிளாஸ்டிக். அடிக்கடி திறக்கும் மூடிக்கு ஊசி வார்ப்பில் (உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் முறை) செய்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கே நான் 2 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன். 3டி பிரிண்ட் என்றால் அதில் பாதி.

சூத்திரத்தில் நீளம் வர்க்கமாக வருவதைப் பாருங்கள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ‘உடைகிறதே, இன்னும் தடிமனாக்குவோம்’ என்பது. தடிமனைக் கூட்டினால் திரிபும் அதே விகிதத்தில் கூடும், இன்னும் சீக்கிரம் முறியும். வளைக்கத் தேவைப்படும் விசையோ தடிமனின் மூன்றாம் படியாக ஏறும். இப்போதே உங்கள் கொக்கி ஒவ்வொன்றையும் 1 மி.மீ. வளைக்க ஏறக்குறைய 60 நியூட்டன் வேண்டும், அதாவது ஆறு கிலோ எடைக்குச் சமமான விசை. நான்கு கொக்கி. மூடியை நெம்பித் திறக்க வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தீர்கள், காரணம் இதுதான். நீளத்தை 6-இலிருந்து 12 ஆக்கினால் திரிபு நான்கில் ஒரு பங்காகிவிடும், விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். லாக் வடிவமைப்பில் நீளத்தைவிட மலிவான மருந்து கிடையாது.

இரண்டாவது மருந்து, நாக்கை அடியிலிருந்து நுனி நோக்கி மெலியவைப்பது. நுனியின் தடிமன் அடியின் தடிமனில் பாதியாக இருந்தால், அதே திரிபுக்கு நாக்கு 60 சதவீதத்துக்கும் கூடுதலாக வளையும். சீரான தடிமனில் பாரம் முழுக்க அடிப்பகுதியிலேயே குவிகிறது, மெலியும் நாக்கில் அது நீளம் முழுக்கப் பரவுகிறது.

மூன்றாவது, நாக்கு சுவரோடு சேரும் மூலை. அங்கே கூர்மையான செங்கோணம் இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் நான்கு கொக்கியும் அந்தக் கோட்டில்தான் ஒடிந்திருக்கின்றன. தடிமனில் பாதி அளவுக்கு அந்த மூலையை வளைவாக்குங்கள். அதைவிடப் பெரிய வளைவு வைத்தால், ஊசி வார்ப்பில் அந்த இடம் தடித்து, வெளிப்பக்கம் குழி விழும். பிரிண்ட் செய்யும்வரை அந்தக் கவலை இல்லை.

நுனியிலுள்ள பல்லின் சரிவுகளும் முக்கியம். உள்ளே நுழையும் பக்கம் 30 டிகிரி அளவில் சரிவாக இருந்தால் மூடி சுலபமாக ஏறும். பிடித்துக்கொள்ளும் பக்கம் 90 டிகிரி என்றால் நாக்கை அழுத்தாமல் திறக்கவே முடியாது. 45 டிகிரி வைத்தால் இழுத்தாலே திறக்கும். எதை வைப்பது என்பது அந்த மூடி விழும்போது என்ன ஆக வேண்டும் என்று நீங்கள் நினைப்பதைப் பொறுத்தது. நோக்கியா 3310 (2000) வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் தெறிக்கும். பொறுக்கி எடுத்து மாட்டினால் மறுபடி வேலை செய்யும். லாக் முறிவதற்கு முன்னால் விடுபட்டுவிட்டது என்பதுதான் அங்கே நடந்தது. வயலில் சேற்றிலும் வரப்பிலும் விழப்போகும் கருவிக்கு அந்தக் குணம் நல்லதா? மூடி தெறித்து நெல் நாற்றுக்குள் போய்விட்டால் தேட முடியாது. எனவே உங்களுக்கு நான் 90-க்கு நெருக்கமாக, 80 டிகிரி சொல்வேன். கூடவே, மூடியைப் பெட்டியோடு ஒரு சிறு ரப்பர் பட்டையாலோ நைலான் கயிறாலோ கட்டிவிடுங்கள்.

அடுத்து, பேட்டரி. உங்கள் வரைபடத்தில் பேட்டரியின் ஸ்பிரிங் மூடியின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. இதை எப்படியாவது மாற்றிவிடுங்கள். மூடி பூட்டிய நிலையில் நாக்கு எந்தப் பாரமும் இல்லாமல் ஓய்வாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கை வளைத்து அப்படியே வைத்தால் அது மெல்ல மெல்லத் தளர்ந்து வளைந்த வடிவத்துக்கே பழகிவிடும். சில மாதங்களில் பிடிப்பு போய்விடும் அல்லது அடியில் விரிசல் விடும். 2000-களில் வந்த, ஏஏ பேட்டரி போடும் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் மின்தொடர்புத் தகடு மூடியின் உட்பக்கமே இருந்தது. பேட்டரியின் தள்ளு விசை முழுவதையும் ராப்பகலாக ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பல் தாங்கியது. பல் உடைந்தது, நல்ல லென்ஸும் நல்ல சென்சாரும் உள்ள கேமரா ரப்பர் பேண்ட் சுற்றிய நிலையில் அலமாரிக்குப் போனது. டிவி ரிமோட்டில் பாருங்கள், ஸ்பிரிங் பேட்டரியை நீளவாக்கில் பெட்டியின் சுவருக்கு எதிராகத் தள்ளும். மூடியைக் கழற்றி வைத்தாலும் பேட்டரி அதே இடத்தில் நிற்கும், ரிமோட் வேலை செய்யும். அதுதான் சரியான முறை.

விழும்போது என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஏஏ பேட்டரி சேர்ந்து 50 கிராம் அளவுக்கு இருக்கும். கருவி கடினத் தரையில் மோதும் கணத்தில் அதன் வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பைப்போல் சில நூறு மடங்கு போவது சாதாரணம். 300 மடங்கு என்று வைத்தால் அந்த 50 கிராம் பேட்டரி ஒரு நொடியின் சிறு பங்குக்கு 15 கிலோபோல அழுத்தும். அதைப் பெட்டியின் விலாச்சுவர்கள் வாங்க வேண்டும். பேட்டரியின் இருபக்கமும் பாதி உயரத்துக்கு மேல் வளைந்து தழுவும் இரண்டு மூன்று விலாக்களை வைத்தால், பேட்டரி மூடியை முட்டவே முட்டாது.

இனி பிளாஸ்டிக்கும் பிரிண்ட் செய்யும் திசையும். உங்கள் மூடி தட்டையாகப் படுத்திருக்க, கொக்கிகள் செங்குத்தாக மேலே எழும்பும் விதமாக அச்சடித்திருக்கிறீர்கள். அப்படியானால் கொக்கியின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே படிந்திருக்கும். வளைக்கும்போது வரும் இழுப்பு அடுக்குகளைப் பிரிக்கும் திசையிலேயே வருகிறது. 3டி பிரிண்ட்டில் மிகவும் பலவீனமான திசை அது. மூடியைப் பக்கவாட்டில் நிறுத்தி அச்சடியுங்கள். அப்போது நாக்கின் முழு வடிவமும், யு மடிப்பும் சேர்த்து, ஒவ்வொரு அடுக்கிலும் இடைவிடாத கோடாக வரும். அச்சடிக்கும்போது தொங்கும் பகுதிகளைத் தாங்கும் தூண்கள் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

பிஎல்ஏ-வை விட்டுவிடுங்கள். அது விறைப்பு, நெகிழ்வு குறைவு. அதைவிடப் பெரிய குறை, 60 டிகிரி வெப்பத்தை நெருங்கும்போதே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள், கண்ணாடிக்குக் கீழே கருவியை வைத்தால் அந்த வெப்பம் வந்துவிடும். பெட்ஜி என்ற பிளாஸ்டிக் 80 டிகிரி அளவு வரை நிற்கும், நன்றாக வளைந்தும் கொடுக்கும், உங்கள் பிரிண்டரிலேயே அச்சடிக்கலாம். நைலான் இன்னும் நல்லது, ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால்தான் அதன் முழு உறுதியும் நெகிழ்வும் வரும். அச்சடித்த சூட்டோடு மாட்டிப் பார்த்து ‘நைலானும் உடைகிறது’ என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஓரிரு நாள் விட்டுவிட்டு மாட்டிப் பாருங்கள்.

வயல் என்பதால் இன்னொன்று. பூச்சி மருந்துகளில் மருந்தைக் கரைத்து வைக்க எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பான்கள் சேர்த்திருப்பார்கள். அவை ஏபிஎஸ்-ஸையும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கையும் தாக்கும். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டியும் அப்படித்தான். சும்மா தட்டையாக இருக்கும் சுவர் தாக்குப்பிடித்துவிடும். வளைந்த நிலையில் பாரம் தாங்கி நிற்கும் நாக்கு, ஒரு துளி பட்டாலே நுண்ணிய விரிசல்கள் விட்டு முறியும். செல்போன் ரிப்பேர் செய்பவர்களில் சிலர் பேக் பேனலைத் தின்னரால் துடைப்பார்கள். சில நாளில் கிளிப்புகள் தானாக ஒடிவதற்கு அது ஒரு காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். நாளைக்கு ஊசி வார்ப்புக்குப் போகும்போது மூடிக்கு மட்டும் பாலிபுரொப்பிலீன் அல்லது அசிட்டால் என்ற பிளாஸ்டிக் போடலாமா என்று யோசியுங்கள். இரண்டும் இந்த ரசாயனங்களை நன்றாகத் தாங்கும்.

ஊசி வார்ப்பு என்றதும் டை (வார்ப்பு அச்சு) செய்பவர் முதலில் கேட்கப்போவது அண்டர்கட்டை, அதாவது டையைத் திறக்கவிடாமல் மாட்டும் பகுதியைப் பற்றித்தான். கொக்கியின் பல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் டை நேராகத் திறந்தால் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடர் வைக்க வேண்டும், செலவு கூடும். பல்லுக்கு நேர் கீழே மூடியில் ஒரு சதுரத் துளை விட்டுவிட்டால் டையின் மறுபாதி அந்தத் துளை வழியாக வந்து பல்லின் அடிப்பக்கத்தை உருவாக்கிவிடும், ஸ்லைடர் தேவையில்லை. பல கருவிகளின் உட்பக்கத்தில் கொக்கிக்கு அடியில் காரணமில்லாததுபோல் ஒரு ஓட்டை இருக்குமே, அது இதற்காகத்தான். ஆனால் துளை வழியாகத் தண்ணீர் போகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்படியானால் இன்றைய செல்போன்களில் ஏன் லாக்கே இல்லை, எல்லாம் பசையாகிவிட்டதே என்று கேட்டிருந்தீர்கள். மூன்று காரணம். கொக்கிக்கு உயரம் வேண்டும், போன்கள் மெலிந்துவிட்டன. பின்பக்கம் கண்ணாடியாகிவிட்டது, கண்ணாடியில் வளையும் கொக்கி வார்க்க முடியாது. மூன்றாவதுதான் பெரிய காரணம், தண்ணீர். ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்க வேண்டுமானால் சுற்றிலும் ஒரே அளவு அழுத்தம் வேண்டும். கொக்கியோ புள்ளி புள்ளியாகத்தான் பிடிக்கும். இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் மெல்லிய சுவர் சற்றே வெளியே வளையும், அங்கே அழுத்தம் குறையும். பசை சுற்றிலும் ஒரே சீராக ஒட்டிவிடுகிறது, மூடியையும் பிடிக்கிறது, தண்ணீரையும் தடுக்கிறது.

ஆனால் லாக் வைத்தால் தண்ணீர் தடுக்க முடியாது என்பது உண்மையில்லை. சாம்சங் கேலக்ஸி எஸ்5 (2014) நகத்தால் கழற்றும் பின்மூடியோடும் மாற்றக்கூடிய பேட்டரியோடும் வந்தது, ஐபி67 தரத்தோடு. அதாவது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். மூடியின் உட்பக்கம் பேட்டரி அறையைச் சுற்றி மட்டும் ரப்பர் வளையம், அதைச் சுற்றி நெருக்கமாகக் கிளிப்புகள். மூடியை எல்லாப் பக்கமும் அழுத்திவிட்டீர்களா என்று திரையில் நினைவூட்டும். 2022-இல் வந்த அதே நிறுவனத்தின் எக்ஸ்கவர் 6 புரோ, கழற்றும் மூடியோடு ஐபி68 வரை போயிருக்கிறது. முடியாத காரியம் என்று ஒன்றும் இல்லை. மெலிவும் கண்ணாடியும் வேண்டும் என்று முடிவெடுத்ததன் விலையை, பேட்டரி தீர்ந்த மூன்றாம் வருடத்தில் வாங்கியவர் கொடுக்கிறார். எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது.

சட்டம் இப்போது அந்தப் பக்கம் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 என்ற பேட்டரி ஒழுங்குவிதி, 2027 பிப்ரவரி 18 முதல், கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. சூடேற்றியோ கரைப்பான் ஊற்றியோ பிரிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. தண்ணீரிலேயே புழங்கும் கருவிகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. செல்போன், டேப்லெட்டுகளுக்குத் தனி விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில், பேட்டரி 1000 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் போன்ற நிபந்தனைகளை நிறைவு செய்தால், வாங்கியவரே பேட்டரியை மாற்றும்படி வைக்க வேண்டியதில்லை என்ற சலுகை நிறுவனத்துக்குக் கிடைக்கும். எப்படியானாலும், வரும் வருடங்களில் மூடி வடிவமைக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது என்பதை மாணவர்களாகிய நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

காந்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. நேராக இழுத்தால் காந்தம் நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிவிடும். சின்ன இடைவெளி வந்தாலும் விசை சரசரவென்று குறையும். லேப்டாப் மூடிக்கு அது பொருந்தும். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஆப்பிளின் பவர்புக் ஜி4 லேப்டாப்பில் மூடியிலிருந்து ஒரு கொக்கியைக் காந்தம் வெளியே இழுத்துப் பூட்டவைத்தார்கள், 2006-இல் வந்த மேக்புக்கில் கொக்கியை எடுத்துவிட்டுக் காந்தத்தை மட்டும் வைத்தார்கள். கீல் எல்லாப் பாரத்தையும் தாங்குவதால் அது போதுமானது. மண்ணில் புழங்கும் உங்கள் கருவியில் காந்தம் இரும்புத்தூளை ஈர்த்து மூடியை முழுதாக மூடவிடாது. வேண்டாம்.

திருகுக்கும் உரிய இடம் உண்டு. நீங்கள் ஏஏ-வுக்குப் பதில் சிஆர்2032 போன்ற பொத்தான் பேட்டரிக்கு மாறினால் இந்தப் பதிலின் பெரும்பகுதியை மறந்துவிட்டுத் திருகு வையுங்கள். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சில மணி நேரத்தில் துளை விழும் அளவுக்குப் புண்ணாகும். அமெரிக்காவில் ரிமோட்டிலிருந்து விழுந்த பொத்தான் பேட்டரியை விழுங்கி ஒரு குழந்தை இறந்த பிறகு, அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2022 ஆகஸ்டில் ரீஸ் சட்டம் வந்தது. அதன்படி மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர், நாணயம் போன்ற ஒரு கருவி வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் தனித்தனியான இரண்டு கை அசைவுகள் வேண்டும். அழுத்திக்கொண்டே திருப்புவது அந்த இரண்டாவது வகை. ஏஏ உள்ள வயல் கருவிக்கு இது தேவையில்லை, ஆனாலும் வீட்டில் குழந்தைகள் கையில் கிடைக்கும் எதற்கும் இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. திருகு வைத்தால், கழற்றிய பிறகும் மூடியை விட்டு விழாத வகையாகப் பார்த்து வையுங்கள். 2021-இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகுகள் அப்படித்தான், தளர்ந்தாலும் தங்கள் துளையிலேயே நிற்கும்.

இப்போது உங்கள் மூடிக்கு நான் சொல்லும் அளவுகள். நான்கு கொக்கியையும் எடுத்துவிடுங்கள். ஒரு முனையில் 2.5 மி.மீ. தடிமனுள்ள இரண்டு விறைப்பான பற்கள், பெட்டிக்குள் 3 மி.மீ. நுழையட்டும், சுற்றி 0.25 மி.மீ. இடைவெளி. மூடியின் இரண்டு நீளப் பக்கமும் பெட்டியின் பள்ளத்தில் உட்காரும் ஒரு விளிம்பு. பக்கவாட்டு அடியை அது வாங்கும். எதிர் முனையில் ஒரே நாக்கு, யு வடிவம், விரித்தால் 14 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. தடிமன், பல் 0.8 மி.மீ. சூத்திரத்தில் போட்டால் திரிபு 1 சதவீதம். யு மடிப்புக்கு இந்தச் சூத்திரம் தோராயம்தான், ஆனால் பெட்ஜிக்கு இங்கே போதிய இடைவெளி இருக்கிறது. அழுத்த வேண்டிய விசை 5 நியூட்டன் அளவு வரும், அரைக் கிலோ எடை. விவசாயியின் கட்டைவிரலுக்கு அது சுலபம். நாக்குக்குப் பின்னால் 1 மி.மீ. தள்ளி முட்டுச் சுவர். நாக்கின் அழுத்தும் பகுதி பெட்டியின் மேற்பரப்பைவிட 1 மி.மீ. உள்ளே அமுங்கி இருக்கட்டும், பையில் கிடக்கும்போது தானாகத் திறக்காது. கைகளில் மண்ணோடு திறப்பார்கள் என்பதால் அந்த இடத்தை விரல் அகலத்துக்குக் குறையாமல், வரிவரியாகச் சொரசொரப்பாக வையுங்கள். மூடியை எந்தப் பக்கம் முதலில் நுழைப்பது என்று தெரிய பற்களின் பக்கம் ஒரு அம்புக்குறியும் போடுங்கள். தலைகீழாக வைத்து அழுத்தியே பல மூடிகள் உடைகின்றன.

அச்சடித்ததும் ஒரே நாளில் நூறு தடவை திறந்து மூடிவிட்டு, நாக்கின் அடிமூலையையும் யு மடிப்பின் உட்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறுப்பு அல்லது கரும்பச்சை நிறத்தில் அச்சடித்தால் பார்ப்பது எளிது. அந்த இடத்தில் வெளுத்த கோடு தெரிந்தால் பிளாஸ்டிக் எல்லை மீறி நீண்டிருக்கிறது என்று பொருள். அப்படித் தெரிந்தால் நாக்கின் நீளத்தை இன்னும் 2 மி.மீ. கூட்டுங்கள், தடிமனில் கை வைக்காதீர்கள்.

அதன் பிறகு, பேட்டரியைப் போட்டு, மூடியைப் பூட்டி, ஆறு முகமும் ஒவ்வொரு தடவை தரையில் படுமாறு இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சிமென்ட் தரையிலேயே போடுங்கள். மூடி திறந்தால் எந்த முகம் பட்டபோது திறந்தது என்று குறித்து வைத்து எழுதுங்கள், நாக்கு நிற்கும் திசையை மாற்றுவதா, விலாச்சுவர்களை உயர்த்துவதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.